மூலத்தில் இல்லாத வால்வு

கதை எழுதுகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டால் யாருக்கும் சட்டைகூடக் கிழியாது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். கத்துவார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல் வந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்பார்கள். எங்கள் கூட்டமும் அப்படித்தான் இருந்தது. ஆகவே ஐயா, நீங்கள் 'துரோகம்', 'சதி' என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டுக் கேள்வி கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். மருந்துப் பெட்டி மேல் வரும் பொடி எழுத்து, பள்ளிக்கூடப் பாடப்புத்தகம், நீதிமன்ற அறிவிப்பு எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். பழைய ஆட்சியின் ஊரடங்கு உத்தரவுகளுக்கும் நான்தான் பார்த்தேன். உங்கள் கிளர்ச்சிப் படை ஜெயித்து நகரத்துக்குள் வந்த அன்று சுவரெங்கும் ஒட்டினீர்களே, அந்த அறிவிப்புக்கும் நான்தான் பார்த்தேன். அவசரத்தில் எழுதியிருந்தார்கள், பிழை மலிந்திருந்தது, யாரிடமும் சொல்லிக் காட்டாமல் சரி செய்து கொடுத்தேன். எனக்குக் கட்சி கிடையாது. பிழை பொறுக்காது, அவ்வளவுதான். "நம்ம கல்யாணப் பத்திரிகையிலயே ரெண்டு தப்பு கண்டுபுடிச்சீங்க. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். எனக்குச் சுற்றம் கொஞ்சம் குறைவுதான்.

இருந்த சுற்றம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மொத்தம் மூன்று பேர். பல்செட் செய்து கொடுக்கிறவன் ஒருவன்; அவனைப் 'பல்லு' என்போம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள் ஒருத்தி; அவளை 'மீட்டர்காரி' என்போம், அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். மூன்றாவது ஆள் நான். பல்லுவின் பட்டறைப் பின்னறையில் கூடுவோம். சுற்றிலும் அலமாரிகளில் ஊர்க்காரர்களின் தாடைகள் பிளாஸ்டர் அச்சாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். "இத்தனை வாய் இருக்கு, ஒண்ணாவது எதுத்துப் பேசுதா பாரு. அதான் இந்த ஊரு" என்பான் பல்லு. அந்தக் காலத்தில் அதுவே பெரிய பேச்சு.

நாங்கள் எழுதியது ரசிகர் கதை. யாரோ உண்டாக்கிய உலகத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஆட்களை வைத்து நாமே மேற்கொண்டு எழுதுவது. காசு கிடையாது, புகழ் கிடையாது, ஆசை மட்டும்தான். 'பதினோராம் சுரங்கம்' என்று தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. சூரியன் எட்டாத ஒரு கோளில் சுரங்கத் தொழிலாளிகள் 'நிர்வாகம்' என்கிற ஆட்சியை எதிர்த்துக் கிளம்புகிற கதை. அவர்களுக்கு ஒரு தளபதி. அவர் இடது கை இரும்பு. சொந்தக் கையை நிர்வாகம் வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் கை மிஞ்சியிருக்கும், அவர் சொல்லவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் இளவயது ஆள். தொடர் முடிந்த பிறகும் பெட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும் என்று சொன்னால் போதாது. வாழ்க்கையில் எந்த இடத்தில் பயம் வந்தாலும், 'தளபதியாக இருந்தால் என்ன செய்வார்' என்று ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். பிறகு எனக்குத் தோன்றுவதைச் செய்வேன்.

இன்னொன்று 'உப்புக் கப்பல்' என்கிற நாவல் வரிசை. நிலமே மூழ்கிப்போன உலகம், ஒரு கப்பல்காரி, அவள் கடத்திக்கொண்டு போகும் அகதிகள், அவர்கள் நடத்தும் கிளர்ச்சி. மீட்டர்காரி அதன் பைத்தியம். இந்த இரண்டு உலகத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு எழுதலாம் என்றது அவள்தான். இப்படிக் கலந்து எழுதுவதைக் கலப்புக் கதை என்போம். அதிலும் அவள் ஒரு படி மேலே போனாள். இரண்டு கிளர்ச்சிகளும் தோற்றுப்போன ஒரு மாற்று உலகம். நிர்வாகம் ஜெயித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. தளபதி ஒரு நகரத்தில் பெயரை மாற்றிக்கொண்டு பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கிறார். கப்பல்காரி துணி வெளுக்கும் கடை வைத்திருக்கிறாள். தண்ணீர்க் கட்டணத் தகராறில் இருவரும் சந்திக்கிறார்கள். யார் யார் என்று தெரிந்துகொள்கிறார்கள். மெல்ல மெல்ல மறுபடியும் ஆட்களைச் சேர்க்கிறார்கள்.

அருமையான யோசனை. அவள் எழுதுவாள், பல்லு படம் போட்டு இணையத்தில் ஏற்றுவான், நான் மூலம் பார்ப்பேன். மூலம் பார்ப்பது என்றால், எழுதிய ஒவ்வொரு விஷயத்தையும் தொடரோடும் நாவல்களோடும் ஒப்பிட்டு, இது மூலத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஓரத்தில் குறிப்பது. இருந்தால் ஒரு சரிக்குறி. இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதுவேன். மூலத்தில் இல்லாததை எழுதலாம், அது தப்பில்லை. மாற்று உலகம் என்றாலே அதுதானே. மூலத்துக்கு விரோதமாக மட்டும் எழுதக் கூடாது. தளபதிக்கு இந்த உலகத்தில் பம்ப் ஹவுஸ் வேலை கொடுக்கலாம். கோழைத்தனத்தைக் கொடுக்க முடியாது. இந்த ஒரு விதியின் மேல்தான் எங்கள் கூட்டமே நின்றது.

மீட்டர்காரி நன்றாக எழுதினாள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. நாள் முழுவதும் அடுத்தவர் வீட்டு வாசலில் குனிந்து மூடியைத் தூக்கிப் பார்க்கிறவள், நாய்க்கடி வாங்கினவள், எந்த வீட்டில் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஓடுகிற தண்ணீரை வைத்தே சொல்லக்கூடியவள். அதையெல்லாம் கதைக்குள் கொண்டுவந்தாள். மலைத் தொட்டியில் ஒரு பழைய வால்வு இருக்கிறதாம். எல்லா வால்வும் வலப்பக்கம் திருகினால் மூடும், அது மட்டும் இடப்பக்கம் திருகினால்தான் மூடும். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனும் அதைத் தப்பாகத் திருகித் திட்டு வாங்குவானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாள். அடுத்த வாரமே அந்த வால்வு கதைக்குள் வந்துவிட்டது. இரும்புக் கையோடு தளபதி அதை இடப்பக்கம் திருகி நிர்வாகத்தின் குடியிருப்புக்குத் தண்ணீரை நிறுத்துகிற காட்சி. வாசகர்கள் துள்ளிக் குதித்தார்கள். நான் ஓரத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டு அனுமதித்தேன். மூலத்துக்கு விரோதம் ஒன்றும் இல்லை.

பதினான்காம் அத்தியாயத்தில்தான் எல்லாம் கெட்டது.

அதில் தளபதி பிடிபடுகிறார். நிர்வாகத்தின் அதிகாரி அவரை அடிக்கவில்லை. நாற்காலி போட்டு, டீ கொடுத்து, 'இந்த ஊர்க் குழாய்களைப் பற்றி உங்களை விடத் தெரிந்தவர் யார்' என்று கேட்கிறார். தளபதி பேச ஆரம்பிக்கிறார். முதலில் குழாய்களைப் பற்றி. பிறகு வால்வுகளைப் பற்றி. கடைசியில் ஆட்களைப் பற்றி. டீ ஆறுவதற்குள் கப்பல்காரியின் கடை முகவரி வரைக்கும் சொல்லிவிடுகிறார். சொன்னோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை என்று அத்தியாயம் முடிகிறது.

படித்து முடித்ததும் தாள்களைக் கீழே வைத்தேன். "என்னம்மா இது? கையை வெட்டுனப்பவே சொல்லாத மனுஷன்" என்றேன்.

"அதான்ணே. அடிச்சா அவரு சாகுற வரைக்கும் சொல்ல மாட்டாரு. எனக்கும் தெரியும். ஆனா மரியாதை குடுத்துக் கேட்டா? இத்தனை வருஷம் ஒருத்தரும் அவரை ஒரு வார்த்தை கேக்கல. பம்ப் ஹவுஸ்ல கெடந்தாரு. ஒருத்தன் வந்து 'உங்களுக்குத்தான் தெரியும்'னு சொன்னா, மனசு இளகிடாதா?"

"தளபதிக்கு இளகாது."

"மனுஷனுக்கு இளகும்ணே."

பல்லு ஒரு தாடையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன். "நல்லாருக்குய்யா. ரெண்டு தடவை படிச்சேன்" என்றான். "ஓட்டுப் போட்டா ரெண்டுக்கு ஒண்ணு. ஏத்திடுறேன்." ஏற்றியும் விட்டான். அந்த அத்தியாயத்துக்குக் கிடைத்த பாராட்டு அதற்கு முன்னால் எதற்கும் கிடைத்ததில்லை. அழுதேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். இதுதான் உண்மையான தளபதி என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவருக்கு மூலம் தெரியாது என்று நான் பதில் போட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

நான் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு, "ஒரு நல்ல மனுஷன் பேரைக் கெடுத்துட்டாங்க" என்றேன். "யாரு, உங்க ஆபீஸ்லயா?" என்றாள். தொடரில் வருகிறவர் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். வேதனை என்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் புரியாதபோது அது இரட்டிப்பாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மலைத் தொட்டி விவகாரம். உங்களுக்கே நினைவிருக்கும். பெரிய குழாய் அடைத்துப்போய்ப் பாதி நகரத்துக்குத் தண்ணீர் இல்லை. அதிகாரிகள் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, ராணுவக் கொட்டடி எல்லாம் காய்ந்து கிடந்தன. கிளர்ச்சிக்காரர்களின் நாசவேலை என்று பழைய ஆட்சி சொன்னது. நாங்கள் செய்யவில்லை என்று நீங்கள் இப்போது சொல்கிறீர்கள். இருக்கலாம். அந்த வால்வு துருப்பிடித்து உதிரப் போகிறது என்று மீட்டர்காரி எங்களிடம் முன்பே புலம்பியிருக்கிறாள். மேலிடத்தில் சொன்னாளாம், உன் வேலை மீட்டர் பார்ப்பது, அதைப் பார் என்றார்களாம். ஊதுகிற சங்கை ஊதினாள், விடியவில்லை.

அவளைப் பிடித்துக்கொண்டு போனது ஒரு புதன்கிழமை. வேலைக்கிடையில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் மீட்டர் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தபோதே. மூடியை மூடிவிட்டு வருகிறேன், குழந்தைகள் காலை விட்டுவிடும் என்று கேட்டுக்கொண்டாளாம். அடுத்த இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

விசாரித்த அதிகாரி உங்களைப் போலவே மரியாதைக்காரர். வந்ததும் நாற்காலி போட்டார். டீ வந்தது, உங்களுடையதில் சர்க்கரை சற்றுத் தூக்கல், அங்கே அளவாக இருந்தது. மேஜை மேல் எங்கள் கதை முழுவதும் அச்செடுத்து வைத்திருந்தது. "சார், எனக்கு இந்தச் சீரியல், நாவல் எதுவும் தெரியாது. இதுல எது எங்கேர்ந்து வருதுன்னு சொல்றதுக்கு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் ஆளுன்னு சொல்றாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னவரின் பெயர் எதற்கு?

நான் வேலையை ஆரம்பித்தேன். சிவப்புப் பேனா கேட்டேன், நல்லதாகவே கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கமாக ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். தளபதியின் கை, சரிக்குறி. கப்பல்காரியின் பாட்டு, சரிக்குறி. பம்ப் ஹவுஸின் பின்கதவு, இல்லை. காவலாளி மாறும் நேரம், இல்லை. மலைத் தொட்டிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, இல்லை. போகிற போக்கில் எழுத்துப் பிழைகளையும் திருத்தினேன், அதிகாரி அதைப் பார்த்து, "உங்களை மாதிரி நாலு பேரு எங்க டிபார்ட்மெண்ட்ல இருந்தா..." என்று பெருமூச்சு விட்டார். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் ஐயா. இதை மறைக்க விரும்பவில்லை. நான் வேலை செய்வதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்வமாகப் பார்த்தது அதுவே முதல் தடவை.

இடப்பக்கம் திருகுகிற வால்வு வந்தது.

"இது சீரியல்ல இருக்கா?"

"இல்லை."

"நாவல்ல?"

"அதிலயும் இல்லை."

"அப்ப சும்மா கற்பனைதானே சார்?" என்றார். பேனாவை மூடிவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். களைத்துப்போயிருந்தார். வீட்டுக்குப் போகிற எண்ணத்தில் இருந்தார் என்று நினைக்கிறேன்.

"கற்பனை இல்லை சார், அது நிஜமாவே இருக்கு. மலைத் தொட்டியில. அவளே பார்த்திருக்கா" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார்.

தெரிந்ததைச் சொல்வது என் தொழில். மருந்துப் பெட்டியில் 'ஒரு மாத்திரை' என்பது 'ஒன்பது மாத்திரை' என்று வந்தால், எவனோ சாகட்டும் என்று விட்டுவிட முடியுமா? பிழை பிழைதான். அன்றைக்கு நான் திருத்தாமல் விட்டிருந்தால் கோப்பில் ஒரு பொய் நிரந்தரமாகத் தங்கியிருக்கும்.

பல்லு இதற்கிடையில் தினமும் அந்த அலுவலக வாசலில் போய் நின்றிருக்கிறான். எல்லாம் கதை, படம் போட்டவன் நான், என்னைக் கேளுங்கள் என்று கத்தியிருக்கிறான். படம் போடுகிறவனுக்கு மூலம் என்ன தெரியும் என்று விரட்டிவிட்டார்கள். அது சரியான முடிவுதான். அவன் தளபதிக்கு இரண்டு தடவை வலது கையை இரும்பாக வரைந்தவன்.

பிறகு மீட்டர்காரியின் புருஷன் என் வீட்டுக்கு வந்தான். பஸ் ஓட்டுகிறவன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. யூனிஃபார்மோடு வந்திருந்தான், பஸ்ஸைத் தெருமுனையில் ஆட்களோடு நிறுத்திவிட்டு வந்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணே, அந்த ஆபீசரைப் பார்த்தேன். மொரட்டு ஆளு இல்லண்ணே. 'மூலம் பார்த்தவரு ஒரே ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், இது முழுக்க முழுக்கக் கற்பனைக் கதைன்னு. நான் ஃபைலை மூடிடறேன்'னு சொல்றாரு. ஒரு வரிண்ணே."

"முழுக்க முழுக்கன்னு எப்படித் தம்பி எழுதுறது? அந்த வால்வு இருக்கே."

"வால்வு இருந்தா இருந்துட்டுப் போகுது. இவளா மூடுனா?"

"மூடுனான்னு நான் சொல்லவே இல்லையே."

அவன் கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "வீட்டுல எந்நேரமும் உங்க பேச்சுதாண்ணே. அண்ணன் இதைப் புடிச்சுட்டாரு, அண்ணன் அதைத் திருத்துனாருன்னு. கூடப் பொறந்தவரு மாதிரி நெனைச்சிருக்கா. பொய்னே வச்சுக்குங்க. ஒரு பொய் சொல்லக்கூடாதா?" என்றான். குரல் உடைந்துவிட்டது. எனக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது. தெருமுனையில் பயணிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை.

நான் கல்மனசுக்காரன் இல்லை ஐயா. யோசித்தேன். அந்த ஒரு வரியை எழுதவும் தயாராகத்தான் இருந்தேன். அதற்கு முன்னால் அவளோடு ஒரு தடவை பேச வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஏற்பாடு செய்தார்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கால் வீங்கியிருந்தது. உள்ளங்காலை முழுதாக ஊன்ற முடியாமல் ஓரமாக வைத்து நடந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களாண்ணே" என்றவள், அதிகாரி பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல சார்? அண்ணன் வந்தா எல்லாம் சரியாயிடும்னு" என்றாள். அதிகாரி ஜன்னல் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

"அந்தப் பதினாலாம் அத்தியாயத்தை மாத்துவியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனது. என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மீட்டரைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், முள் எங்கே நிற்கிறது என்று.

"மாத்திடறேண்ணே" என்றாள். "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே எழுதிடறேன். தளபதி வாயே திறக்க மாட்டாரு. சரியா? என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

எனக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? எவ்வளவு வாதாடினாள், மனசு இளகும் என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாள். கால் வீங்கினதும் தான் எழுதினதையே விட்டுக்கொடுத்துவிட்டாள். என் தளபதி கை போனபோதும் விடவில்லை. இவளைப் போய் எழுத்தாளர் என்று நினைத்தோமே என்றிருந்தது. தன் எழுத்தின் மேலேயே நம்பிக்கை இல்லாதவளுக்காக நான் ஏன் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட வேண்டும்?

"சார், நான் முன்னாடி குறிச்சுக் குடுத்தது எல்லாம் சரியாத்தான் இருக்கு. மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லை" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரிதான், "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

அவளை வடக்குச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே குளிர் அதிகம் என்பார்கள். நீங்கள் ஜெயித்து வந்து சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டபோது அவள் புருஷன் பஸ்ஸை எடுத்துக்கொண்டே போயிருக்கிறான். திரும்பி வரும்போது வண்டியில் அவன் மட்டும்தான் இருந்தான். நெஞ்சில் சளி கட்டி, நீங்கள் வருவதற்கு முந்தைய மாதமே போய்விட்டாளாம். கேள்விப்பட்ட அன்று எனக்கும் மனசு சரியில்லை. வேலைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து பதினான்காம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். தளபதி நாற்காலியில் உட்காரவே மறுக்கிறார். டீயைத் தொடவில்லை. ஒரு பெயரும் சொல்லவில்லை. சுத்தமாக, மூலத்துக்கு ஒரு மயிரிழை விலகாமல் வந்தது. அவள் பெயரையும் போட்டுத்தான் இணையத்தில் ஏற்றினேன். மாற்றுகிறேன் என்று அவளே ஒப்புக்கொண்டாள் அல்லவா? யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். யாரோ விளையாட்டாக எழுதிய ஒரு கதை, பழைய ஆட்சியின் கண்ணில் எப்படிப் பட்டது? ஆயிரக்கணக்கான கதைகளில் அதை மட்டும் தேடிப்பிடித்து அச்செடுத்துவைத்தது எப்படி?

தண்ணீர் நின்ற மறுநாள், விவரம் தெரிந்தவர்கள் கூப்பிடலாம் என்று அவர்கள் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்திருந்தார்கள். அந்த அறிவிப்புக்கும் புரூஃப் நான்தான் பார்த்தேன்; எண்ணைச் சரிபார்க்க ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். மறுமுனையில் ஒரு பெண் எடுத்து, சொல்லுங்கள் என்றாள். மலைத் தொட்டியைப் பற்றி ஒரு கதை இருக்கிறது, ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து படித்துப் பாருங்கள் என்றேன். எழுதினவள் பெயரும் வேலையும் கேட்டாள், சொன்னேன். மீட்டர்காரி தினமும் எந்தத் தெருவில் இருப்பாள் என்று கேட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். பதினான்காம் அத்தியாயத்தைப் படிக்க வேண்டாம், அதில் பிழை இருக்கிறது என்றும் சொன்னேன். ஒரு வாசகன் இன்னொரு வாசகருக்குச் சொல்கிற விஷயம் அவ்வளவுதான். இதைக் காட்டிக்கொடுத்தது என்று உங்கள் அறிக்கையில் எழுதுவதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அது முக்கியம்.

நீங்கள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை இத்தனை நாள் ஒருவரும் கேட்கவில்லை. இன்னொரு டீ வேண்டாம், போதும்.

போவதற்கு முன்னால் ஒன்று. பல்லுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அவன் என்னோடு பேசுவதில்லை. இருந்தாலும் அவன் எழுதுவதை நான் விடாமல் படிக்கிறேன். இப்போது தனியாகவே ஒரு கதை போட்டுக்கொண்டு வருகிறான். கிளர்ச்சிக்காரர்கள் ஜெயித்துவிட்ட உலகம். ஜெயித்தவர்கள் நிர்வாகத்தின் பழைய அறைகளிலேயே உட்கார்ந்துகொண்டு, அதே நாற்காலியைப் போட்டு, அதே மாதிரி டீ கொடுத்து ஆட்களை விசாரிக்கிறார்கள். அவர்களுடைய தலைவர் உங்கள் தலைவரைப் போலவே வலது காலைச் சாய்த்து நடக்கிறார். தொடரிலும் தேடிப் பார்த்துவிட்டேன், நாவல்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன், மூலத்தில் அப்படி யாரும் இல்லை. நான் அவனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் ஐயா, அவன் என் நண்பன். நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள்.